அண்ணி விமானம் இறக்கப் பழகியது

எங்கள் ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் என் அண்ணியிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் வேறு ஊரிலிருந்து குடிவந்தவர்கள்.

அண்ணி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஸ்கூல் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அண்ணனுடைய டயர் கடையை ஒட்டி ஓர் அறை, ஒரு மேசை, சாலைக் குறிகள் அச்சடித்த ஒரு படம், வாசலில் கூரைமேல் பலகை மாட்டிய ஒரு வெள்ளைக் கார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் நான். வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்குவதும், அழுதுகொண்டு திரும்புகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும் என் வேலை. அண்ணனை நான் அவன் இவன் என்றுதான் சொல்வேன். அண்ணியை அப்படிச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. டிரைவிங் ஸ்கூலில் வேலை பார்த்துக்கொண்டு லைசன்ஸ் இல்லாமல் இருக்கிற ஒரே ஜென்மம் நானாகத்தான் இருப்பேன். அதற்குக் காரணம் நானல்ல, அண்ணி கற்றுக்கொடுக்கும் முறை.

எங்கள் ஊரில் ஸ்டீயரிங் வலது பக்கம். கற்றுக்கொள்கிறவர் அங்கே உட்காருவார். அண்ணி இடது பக்கம். இடது பக்கத்தில் அவருடைய காலுக்கடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கிறது. வண்டி கிளம்பியதும் அண்ணி கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பார். "அந்தக் கடைக்குப் புது வெள்ளை அடிச்சிருக்காங்க பாருங்க" என்பார். நாம் கடையையும் பார்க்க முடியாமல் சாலையையும் பார்க்க முடியாமல் திணறுவோம். வண்டி ஓரமாகப் போகும். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். சுவர் நெருங்கும். அப்போதும் சொல்ல மாட்டார். இனி இடித்தே தீரும் என்கிற கட்டத்தில் அவர் கால் லேசாக அழுந்தும். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடம் மிச்சமிருக்கும். அதற்குப் பிறகுதான் திட்டு ஆரம்பமாகும். அது வீடு வரைக்கும் வரும்.

இத்தனை வருடத்தில் அண்ணி ஒரு சுவரையும் தொட்டதில்லை. அதில் அவருக்குப் பெருமை. நான் சுவரைப் பார்த்ததோடு சரி, ஓட்டக் கற்றுக்கொண்டதே இல்லை. தப்பு செய்யும்போதே சொல்லியிருந்தால் திருத்தியிருப்பேன் என்று ஒருமுறை முணுமுணுத்தேன். "மாட்டிக்கிட்டாத்தான் தம்பி புத்தி வரும்" என்றார். எனக்கு வரவில்லை.

இப்படிப்பட்ட அண்ணி, ஒரு நாள் மதியம் சாப்பாட்டு மேசையில் சாவகாசமாகச் சொன்னார்: "ஃப்ளையிங் கிளப்ல சேர்ந்துட்டேன். விமானம் ஓட்டக் கத்துக்கப் போறேன்."

ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் ஒரு சின்ன விமானத் திடல் உண்டு. நாலு பேர் உட்காருகிற குட்டி விமானங்கள் அங்கே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அது பணக்காரர்கள் சமாசாரம் என்று நாங்கள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

அண்ணன் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "எதுக்கு?"

"தனியா ஓட்டணும்."

"காரைத் தனியா ஓட்ட வேண்டியதுதானே."

"கார்ல ஏறினா பக்கத்துல கத்துக்கற ஆளு. ஆஃபீஸ்ல பக்கத்துல உங்க தம்பி. வீட்டுக்கு வந்தா பக்கத்துல ஆளு. இருபது வருஷமாச்சு. ஒரே ஒரு தடவை பக்கத்து சீட்டு காலியா இருக்கணும். அவ்வளவுதான்."

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினான். "வீட்ல பக்கத்துல இருக்கற ஆளு நான்தானே?"

"ஆமா."

அண்ணி அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். மழை பெய்கிறதா என்று கேட்டால் ஆமா என்போமே, அப்படி. அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு மேசையின் மறு கோடிக்குப் போய் உட்கார்ந்தான். அன்றிலிருந்து அதுதான் அவன் இடம். ஏதாவது வேண்டுமென்றால் மேசையின் அந்தக் கோடியிலிருந்து என் வழியாகக் கேட்பான். "அவளை அந்தத் தண்ணியைத் தள்ளச் சொல்லு." நான் தள்ளுவேன்.

அண்ணன் கோபித்துக்கொண்டதால் திடலுக்குத் துணையாகப் போகும் வேலை என் தலையில் விழுந்தது. அண்ணி காரை ஓட்டிக்கொண்டு போனார் என்று நினைக்காதீர்கள். அவர் எங்கே போவதானாலும் அந்த நேரத்துக்கு ஒரு வகுப்பு வைத்துவிடுவார். கற்றுக்கொள்கிறவர் ஓட்டுவார், அண்ணி இடது பக்கம் உட்கார்ந்து போய்ச் சேருவார். திடலுக்குப் போகும் வழி ஒரு பல் டாக்டருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அண்ணி பறந்துவிட்டு வரும்வரை அவர் காரிலேயே உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பார். பின் சீட்டில் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வந்தேன்.

அண்ணிக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓர் இளைஞர். கறுப்புக் கண்ணாடி, இஸ்திரி போட்ட சட்டை, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால்தான் விழுகிற குரல். எங்கள் வீட்டில் அவருக்கு 'சன்னக்குரல்' என்று பெயர் வைத்துவிட்டோம். அண்ணிக்கு மகன் வயதுதான். ஆனாலும் அண்ணி அவரை 'சார்' என்றுதான் கூப்பிட்டார். சொல்லிக்கொடுக்கிறவருக்கு மரியாதை தரவேண்டும் என்பதில் அண்ணி கறார். தனக்கு அது கிடைக்க வேண்டும் என்பதில் அதைவிடக் கறார்.

ஏறுவது, திரும்புவது, உயரம் மாறாமல் பறப்பது எல்லாம் அண்ணிக்குச் சீக்கிரமே கைவந்துவிட்டது. இறங்குவதில்தான் வம்பு.

அது எப்படி என்று சன்னக்குரல் எனக்கும் சேர்த்தே விளக்கினார். வேலியோரம் ஒரு பெஞ்சு உண்டு, அதுதான் எங்கள் வகுப்பறை. "ரன்வே ஆரம்பத்துல வெள்ளையில பெரிசா ஒரு எண் எழுதியிருக்கு இல்லையா. இறங்க வரும்போது அது முன் கண்ணாடியில ஒரே இடத்துல நிக்கணும். மேல ஏறிச்சுன்னா நாம தாழ்வா வர்றோம். கீழ நழுவிச்சுன்னா உயரமா வர்றோம். கொஞ்சம் நகரும்போதே கொஞ்சம் சரி பண்ணிடணும். வேகமும் அதே மாதிரி. ஒவ்வொரு தடவையும் அதே வேகம், அதே சரிவு, அதே இடம். பாக்கறவங்களுக்கு போரடிக்கணும், அதுதான் நல்ல இறக்கம்."

அண்ணியின் இறக்கங்கள் யாருக்கும் போரடிக்கவில்லை. ஒரு தடவை உயரத்தில் வந்து தடாலென்று அமுங்கினார். அடுத்த தடவை வேலிக்கு வெளியே நின்ற மரங்களை உரசுகிற மாதிரி வந்தார். இன்னொரு தடவை கோணலாக வந்து, கடைசி நொடியில் மூக்கைத் திருப்பி நேராக உட்கார வைத்தார். ஆனால் எல்லாத் தடவையும் பத்திரமாக இறங்கினார். அதுதான் சிக்கலே.

"மேடம், தரையைத் தொடறது நல்லாத்தான் இருக்கு" என்றார் சன்னக்குரல். "வர்ற வழிதான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு."

"இறங்கிட்டோம் இல்ல சார்?"

"இறங்கிட்டோம்."

"எங்கயும் இடிக்கலை இல்ல?"

"இடிக்கலை மேடம்."

"அப்புறம் என்ன சார்?"

சன்னக்குரல் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் அதுதான் அடையாளம் என்று பிறகு புரிந்துகொண்டேன். அந்த மாதம் அந்தக் கண்ணாடி ரொம்பச் சுத்தமாக இருந்தது.

அண்ணி சும்மா இருக்கிறவரல்ல. வீட்டில் சாப்பாட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு, கையில் ஒரு பாத்திர மூடியைப் பிடித்துக்கொண்டு, சமையலறையை ஓடுபாதையாக வைத்துப் பழகினார். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காலண்டர்தான் அந்த வெள்ளை எண். "கொஞ்சம் மேல போகுது, கொஞ்சம் விசை கூட்டறேன். நின்னுடுச்சு. அப்படியே வர்றேன்." அப்படி ஒரு நேர்த்தி. ஒவ்வொரு தடவையும் ஃபிரிட்ஜில் அதே இடத்தில் இறங்கினார். வீட்டில் தனியாகச் செய்யும்போது வருகிறது, அங்கே போனால் போய்விடுகிறது. ஏனென்று அவருக்கும் விளங்கவில்லை.

கிளப்பில் பயிற்சி கொடுப்பவர்களுக்கெல்லாம் தலைவி ஓர் அம்மாள். ஒட்ட வெட்டிய நரைத்த முடி, சிரிக்காத முகம். அவர் ஒரு நாள் பெஞ்சுக்கே வந்து அண்ணியிடம் சொன்னார்: "மாசக் கடைசியில நான் ஒரு தடவை உங்ககூட உட்கார்றேன். ஒரே மாதிரி இறக்கினீங்கன்னா தனியா அனுப்பறேன். இல்லேன்னா இத்தோட நிறுத்திக்கலாம். இடத்துக்காக நிறையப் பேர் காத்துக்கிட்டிருக்காங்க."

அண்ணியின் முகம் செத்துவிட்டது. கற்றுக்கொள்ள வந்தவர்கள் முகம் அப்படி ஆகி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அண்ணிக்கு அப்படி ஆனதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. இந்த மனுஷி வாழ்க்கையில் தனக்கென்று கேட்ட ஒரே விஷயம் ஒரு காலி சீட்டு. அதுவும் கிடைக்காது போலிருந்தது.

அடுத்த வகுப்பில் சன்னக்குரல் என்னைக் கேட்டார்: "நீங்களும் பின்னாடி உட்கார்றீங்களா? வெளியில இருந்து ஒருத்தர் பாத்தா ஏதாவது பிடிபடுமான்னு பாக்கறேன்."

எனக்கு ஏணியில் ஏறினாலே தலை சுற்றும். ஆனால் அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. ஏறிவிட்டேன்.

காதில் ஹெட்போன் மாட்டினார்கள், பெல்ட்டை இறுக்கினார்கள். மேலே போனதும் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு பக்கமாகச் சரிந்து திரும்பியபோது முன் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பிறகு என்ஜின் சத்தம் தணிந்தது. இறங்கப் போகிறோம் என்றதும், சாவதானால் பார்த்துக்கொண்டே சாவோம் என்று கண்ணைத் திறந்தேன்.

எனக்கு முன்னால் இடது பக்கம் அண்ணி. வலது பக்கம் சன்னக்குரல். கண்ணாடிக்கு அப்பால் ஓடுபாதை, அதன் தொடக்கத்தில் வெள்ளை எண். அந்த எண் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. தாழ்வாக வருகிறோம் என்று எனக்கே தெரிந்தது. அண்ணியின் இடது கை கைப்பிடியைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. வலது கை, என்ஜின் விசையைக் கூட்டும் குமிழின்மேல் இருக்க வேண்டியது, மடியில் கிடந்தது. அண்ணி பக்கவாட்டு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வயலுக்குப் புது வேலி போட்டிருக்காங்க பாருங்க சார்" என்றார்.

இந்தக் குரலை எனக்குத் தெரியும். இந்தத் தோளைத் தெரியும். மரங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. எண் இன்னும் ஏறியது. சன்னக்குரலின் கை முன்னால் நீள ஆரம்பித்தது. அதற்குள் அண்ணியின் வலது கை பாய்ந்து குமிழைத் தள்ளியது, என்ஜின் அலறியது, மூக்கு நிமிர்ந்தது, மரங்களைத் தாண்டித் தொப்பென்று உட்கார்ந்தோம்.

பயத்தில் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "அண்ணி" என்று கத்தினேன். "ஓட்டறது நீங்க. அவரு இல்ல. பக்கத்துல யாரோ ஓட்டற மாதிரி உட்கார்ந்து வேடிக்கை பாக்கறீங்க. சுவர் வரட்டும், அப்புறம் காப்பாத்திக்கலாம்னு."

சன்னக்குரல் இருக்கையில் என் பக்கமாகத் திரும்பினார்.

"சார்" என்றது சன்னக்குரல். "தயவுசெஞ்சு அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

பெஞ்சில் உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னேன். காரில் வலது பக்கம் இருப்பவர் ஓட்டுகிறவர், இடது பக்கம் இருப்பவர் காப்பாற்றுகிறவர். அண்ணி இருபது வருடம் இடது பக்கம் உட்கார்ந்தவர். விமானத்தில் தலைகீழ். ஓட்டுகிறவருக்கு இடது பக்கம், சொல்லிக்கொடுக்கிறவருக்கு வலது பக்கம். வலது பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்ததும், ஓட்ட ஆள் இருக்கிறது என்று அண்ணியின் உடம்பு முடிவு செய்துவிடுகிறது. அவர் வேலை கடைசி நொடியில்தான்.

அண்ணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "லைசன்ஸ் இல்லாதவரு சொல்றாரு, நாம கேட்டுக்கணும்" என்றார். ஆனால் வீடு திரும்பும்போது காரில் கையைக் கட்டப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பல் டாக்டர் வழக்கம்போல ஓரம் கட்டிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் வலது பக்கம் வாங்க டாக்டர்" என்றார் அண்ணி, சுவருக்கு வெகு தூரம் முன்னாலேயே, மெல்லிய குரலில். டாக்டர் பேயறைந்தது போல அவரைத் திரும்பிப் பார்த்தார். அதில்தான் கிட்டத்தட்ட இடித்திருப்போம்.

நோய் தெரிந்துவிட்டது. மருந்துதான் இல்லை. "பக்கத்து சீட்டு காலியானா மேடம் சரியாயிடுவாங்க" என்று சன்னக்குரல் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஆனா சரியானாத்தான் நான் சீட்டைக் காலி பண்ண முடியும்."

வாரம் முழுக்க அண்ணி இதையே மென்றுகொண்டிருந்தார். அடுத்த வகுப்புக்கு வந்ததும் நேராகக் கேட்டார்: "சார், நீங்க தூங்குங்களேன்."

"மேடம்?"

"ஒரு தடவை ஒரு வக்கீல் ஓட்டக் கத்துக்கிட்டிருந்தாரு. நேர் சாலையில ஸ்டீயரிங்கைப் பிடிச்சபடியே தூங்கிட்டாரு. குறட்டைச் சத்தம் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அன்னிக்கு இடது பக்கத்துல இருந்தே கையை நீட்டி ஸ்டீயரிங்கைப் பிடிச்சு, ஓரமா ஒதுக்கி நிப்பாட்டற வரைக்கும் வேடிக்கை பாக்கலை. ஓட்டற ஆளு தூங்கிட்டா வண்டி முழுக்க என்னுதுன்னு ஆயிடும்."

"வானத்துல நான் தூங்கினா என் வேலை போயிடும் மேடம்."

"நிஜமா தூங்க வேண்டாம். அதான் கறுப்புக் கண்ணாடி இருக்கே. கண்ணைத் திறந்து வெச்சுக்கோங்க. தலையை மட்டும் ஜன்னல்ல சாய்ச்சுக்கோங்க." அண்ணி கொஞ்சம் தயங்கினார். "குறட்டையும் விட்டா நல்லது."

இஸ்திரி போட்ட சட்டைக்காரருக்குக் குறட்டை வரவில்லை. பூனை தும்முவது போல ஏதோ செய்தார். பொறுக்க முடியாமல் நானே செய்து காட்டினேன். அண்ணனுடைய குறட்டையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான், அது எனக்குத் தலைகீழ்ப் பாடம். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் பழகினோம். பல் டாக்டர் காரின் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார்.

அன்றைக்கு நான் வேலியோரம் நின்று பார்த்ததை நானே நம்பவில்லை. முதல் இறக்கம் சீராக வந்தது. இரண்டாவது, முதலாவதைப் போலவே வந்தது. மூன்றாவது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்குக் கொட்டாவி வந்தது. சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீரும் வந்தது.

அப்போதுதான் கிளப் அலுவலகக் கதவு படாரென்று திறந்தது. தலைவியம்மாள் ஓட்டமும் நடையுமாக வெளியே வந்தார். அலுவலகத்தில் ஒரு ரேடியோ உண்டு, மேலே பேசுவதெல்லாம் அதில் கேட்கும். ஜன்னலில் சாய்ந்த சன்னக்குரல் தெரியாமல் பேசும் பொத்தானை அழுத்திக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது. திறந்த கதவு வழியாக எங்கள் அண்ணனின் குறட்டை, அட்சரம் பிசகாமல், திடலெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தது.

இறங்கி வந்த சன்னக்குரலுக்கு விளக்கத் தெரியவில்லை. எதைச் சொன்னாலும் பைத்தியக்காரத்தனமாக இருக்கும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. அண்ணிதான் முழுவதையும் சொன்னார். தலைவியம்மாள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

"நாளைக்கே நான் உட்கார்றேன்" என்றார். "எனக்குப் பகல்ல தூங்கற பழக்கம் கிடையாது."

மறுநாள் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வேலியோரம் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். டயர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான். யாரும் கூப்பிடவில்லை.

"விமானத்தோட டயரைப் பாக்க வந்தேன்" என்றான் என்னிடம். "முன் சக்கரம் தேஞ்சிருக்கு. அவளைக் கிளப்ல சொல்லச் சொல்லு."

அண்ணி அவன் பக்கத்தில்தான் நின்றார். "சொல்றேன்" என்றார், என் வழியாக வராமல். தலைவியம்மாள் ஏற்கெனவே வலது பக்கம் ஏறி உட்கார்ந்திருந்தார். கண்கள் நன்றாகத் திறந்திருந்தன.

விமானம் ஏறியது. சன்னக்குரல் கையில் ஒரு சின்ன ரேடியோவை வைத்துக்கொண்டு எங்களோடு நின்றார். வயல்களுக்கு மேல் சுற்றி, திரும்பி, ஓடுபாதைக்கு நேராக வந்தார்கள். பாதி தூரம் ஒழுங்காக வந்தது. பிறகு எனக்கே தெரிந்தது, கொஞ்சம் உயரம். சன்னக்குரலின் கை கறுப்புக் கண்ணாடிக்குப் போயிற்று.

"உயரமா வர்றாங்களா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்தான். இப்பவே பண்ணிட்டா..." அவர் முடிக்கவில்லை.

எனக்கு அண்ணியின் கை மடியில் கிடப்பது போலவே தோன்றியது. கடைசியில் அமுக்கி உட்கார வைப்பார், பத்திரமாக இறங்குவார், அத்தோடு எல்லாம் முடிந்துவிடும். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அப்போது, தரைக்கு மேலே எவ்வளவோ உயரத்திலேயே என்ஜின் முழு விசையில் முழங்கியது. விமானம் மூக்கை நிமிர்த்தி மறுபடி மேலே ஏறிப் போய்விட்டது.

"என்னாச்சு?" அண்ணன் என் தோளைப் பிடித்தான். "இறங்கலையா? ஏன் இறங்கலை? ஏதாவது கெட்டுப்போச்சா?"

"ஒண்ணும் கெட்டுப்போகலை சார்." சன்னக்குரல் கண்ணாடியைத் துடைக்காமலே மறுபடி மாட்டிக்கொண்டார். முதல் தடவையாக அவர் குரல் உரக்க வந்தது. "இந்த இறக்கம் சரியில்லைன்னு மேடமே முடிவு பண்ணி விட்டுட்டாங்க. காத்திருக்கலை. கடைசி வரைக்கும் காத்திருக்கவே இல்லை."

உள்ளே நடந்ததை அண்ணி பிறகு சொன்னார். "ஏன் மேல ஏத்தினீங்க? சரி பண்ணி இறக்கியிருக்கலாமே" என்று தலைவியம்மாள் கேட்டிருக்கிறார். "இறக்கியிருக்கலாம். ஆனா அது ஓட்டறது இல்ல, காப்பாத்தறது. காப்பாத்தறது எனக்கு ஏற்கெனவே தெரியும்" என்றாராம் அண்ணி.

அதற்குப் பிறகு வந்த இறக்கங்களைப் பற்றிச் சொல்ல எதுவுமே இல்லை. எல்லாம் ஒன்றுபோல வந்தன. அண்ணன்கூட நிம்மதியாகி, சக்கரம் தேய்வதற்குக் காற்று சரியாக அடிக்காததுதான் காரணம் என்று சன்னக்குரலுக்கு விளக்க ஆரம்பித்தான். அவன் பாதியில் நிறுத்தினான். விமானம் புல்வெளியோரம் நின்றிருந்தது. வலது பக்கக் கதவு திறந்தது. தலைவியம்மாள் இறங்கி, கதவை இழுத்துச் சாத்தி, அது சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தார்.

"ஒரு சுத்து" என்றார் சன்னக்குரலிடம். "தனியா."

அண்ணி மறுபடி ஏறினார். கண்ணாடிக்குப் பின்னால் இடது பக்கத்தில் ஒரே ஒரு தலை. அண்ணன் வேலிக்கு அருகில் போய், கழுத்து வலிக்கிற அளவுக்கு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். விமானம் திரும்பியது, நேரானது, சரிந்து வந்தது. ஒரு ஆட்டமும் அசைவும் இல்லாமல், வெள்ளை எண் மேலேயே வந்து தரையைத் தொட்டு ஓடி நின்றது. நல்ல இறக்கம். பார்க்கப் போரடித்தது.

நாங்கள் இருக்கும் பக்கம் அது திரும்பவில்லை. ஓடுபாதையின் கோடியிலேயே நின்றது. சன்னக்குரலின் கையிலிருந்த ரேடியோ கரகரத்தது.

"சார், இன்னொரு தடவை போயிட்டு வரட்டுமா?"

சன்னக்குரல் தலைவியம்மாளைப் பார்த்தார். தலைவியம்மாள் சரி என்று தலையை ஆட்டினார். சன்னக்குரல் பதில் சொல்வதற்குள் அண்ணன் கையை நீட்டினான். என்ன நினைத்தாரோ, ரேடியோவைக் கொடுத்து, பொத்தானைக் காட்டினார்.

அண்ணன் அதை வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். "பக்கத்து சீட்டு காலியா இருக்கா?"

ரேடியோ மறுபடி கரகரத்தது.

"இருக்கு."

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குங்க." அண்ணியின் குரலில் நான் அதுவரை கேட்டிராத ஏதோ இருந்தது. "ரொம்ப நல்லா இருக்கு."

"அப்ப போயிட்டு வா. அவசரமில்லை. ரெண்டு தடவை போகணும்னாலும் போ. நான் இங்கதான் நிக்கறேன்."

"சரி. ரேடியோல வீட்டு விஷயம் பேசக் கூடாது, அவர்கிட்ட குடுங்க."

அண்ணன் ரேடியோவைத் திருப்பிக் கொடுத்தான். கண் கலங்கியிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. எனக்கும்தான் கலங்கியது. விமானம் ஓடி, தரையை விட்டு, எங்கள் தலைக்கு மேலே ஏறிப் போயிற்று. அது வயல்களுக்கு மேல் சின்னப் புள்ளியாகும்வரை அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் தொந்தரவுன்னு அவ சொல்லலைடா" என்றான்.

"இல்லை" என்றேன்.

"நான்தான் அப்படி எடுத்துக்கிட்டேன்" என்றான் அண்ணன், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.